கணவாய்க் காற்றும் 50 ஹெர்ட்ஸும்: காற்றாலைகளின் அதிர்வெண் பொறுப்பு வளர்ந்த வரலாறு

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் வழியில், மாநில எல்லையை ஒட்டி இருக்கிறது கோபாலபுரம். மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயில் அமைந்த ஊர் அது. இக்கணவாயில் பாயும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பியே கிழக்கே உடுமலை, பல்லடம் வட்டாரங்களிலும் மேற்கே கஞ்சிக்கோட்டிலும் காற்றாலைகள் எழுந்தன. மின்தொகுப்பின் அதிர்வெண்ணைக் காக்கும் பொறுப்பு அவற்றுக்கு எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். அப்பொறுப்பு இயந்திரத்தோடு பிறந்ததன்று, விதிகளால் வந்தது என்பது இதன் முடிபு.

1. கேளாமல் கிடைத்த உதவி

நுகர்வு உற்பத்தியை மிஞ்சினால் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் ஏறும். தமிழகத்தில் 1986இல் தூத்துக்குடி அருகே முதல் காற்றாலைகள் சுழன்றன. 1990களில் கேரள மின்வாரியம் கஞ்சிக்கோட்டில் 225 கிலோவாட் காற்றாலைகள் 9 நிறுவியது. இடுக்கி மாவட்டத்து ராமக்கல்மேட்டுக்கும் பின்னர் காற்றாலைகள் வந்தன.

தொடக்ககாலக் காற்றாலைகளில் பெரும்பாலானவை மின்தொகுப்போடு நேரடியாகப் பிணைந்த தூண்டல் மின்னாக்கிகளைக் கொண்டவை. நான்கு துருவ மின்னாக்கி ஒன்றின் ஒத்தியங்கு வேகம், 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1500 சுற்று. அதிர்வெண் 49.5க்கு இறங்கினால் அது 1485 ஆகும். வேகம் குறையும் சுழலி, தன்னுள் தேங்கிய இயக்க ஆற்றலை அந்த நொடியிலேயே மின்சாரமாகக் கொடுத்துவிடும். இதுவே நிலைமம். ஆனால் அது சில நொடிகளுக்கே நிற்கும். கட்டளையிட்டு அதைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை.

2. விலகி நின்ற இயந்திரங்கள்

அக்காலத்துத் தென்மண்டலத்தில் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் கிடப்பது வழக்கம். 2003 ஜனவரியில் இங்கு நடைமுறைக்கு வந்த கட்டணமுறை, திட்டமிட்ட அளவை மீறிய மின்சாரத்தின் விலையை அதிர்வெண்ணோடு இணைத்து ஒழுங்கைக் கொண்டுவந்தது. காற்றாலைகளோ அந்த ஒழுங்குக்கு வெளியே நின்றன.

அடுத்து வந்த பெரிய இயந்திரங்கள் காற்றுக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொண்டன. சுழலிக்கும் மின்கம்பிக்கும் இடையே மின்னணு மாற்றி வந்தது. விளைச்சல் கூடியது. ஆனால் அதிர்வெண் தடுமாறினாலும் சுழலி அதை உணரவில்லை. இயற்கையான நிலைமம் மறைந்தது.

3. விதி வகுத்த கடமை

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியே தென்மண்டலம் பிற மண்டலங்களோடு இணைந்தது. நாடு முழுவதற்கும் ஒரே அதிர்வெண். 2014இல் அதன் வரம்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் என இறுகியது. மத்திய மின்சார ஆணையம் 2019இல் திருத்திய தொழில்நுட்ப விதிகள், 10 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதிய காற்றாலைத் தொகுதிகளும் அதிர்வெண்ணுக்கேற்ப உற்பத்தியை மாற்றவேண்டும் என்றன. விலகல் 0.3 ஹெர்ட்ஸைத் தாண்டினால் ஒரு நொடிக்குள் திறனில் குறைந்தது 10 விழுக்காட்டு அளவு எதிர்வினை வேண்டும்: 50 மெகாவாட் தொகுதிக்கு 5 மெகாவாட்.

அதிர்வெண் ஏறினால் இறக்கைகளைத் திருப்பி உற்பத்தியைக் குறைப்பது எளிது. இறங்கும்போது கொடுப்பதற்கு, முன்கூட்டியே கொஞ்சம் உற்பத்தியைக் கையிருப்பாக ஒதுக்கவேண்டும். சுழலியின் ஆற்றலை மின்னணு மாற்றியின் வழியே சில நொடிகள் கடன் வாங்கலாம்; வேகம் மீள அந்தக் கடனை உடனே அடைத்தாக வேண்டும்.

முடிவுரை

தமிழக அரசின் 2024ஆம் ஆண்டுக் கொள்கை, பழைய காற்றாலைகளை மாற்றிப் புதியவை நிறுவ வழிவகுத்துள்ளது. கணவாய்க் காற்றில் பழைய காற்றாடி ஒவ்வொன்றும் இறங்கும்போது, கேளாமல் கிடைத்த நிலைமமும் சிறிது இறங்குகிறது. அதன் இடத்தில் வருவது கட்டளைக்குப் பணியும் இயந்திரம். அதன் பணிவைக் களத்தில் சோதித்து உறுதி செய்யவேண்டும். கையிருப்புக்காக விட்டுக்கொடுக்கும் மின்சாரத்துக்கு உரிய விலையும் தரவேண்டும். விலையில்லாக் கடமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.