மின்கிட்டாரின் கரகரப்பும் கடுமையும்: பெருக்கி, ஒலிபெருக்கி குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மின்கிட்டாரின் பெருக்கியை அதன் தாங்கும் எல்லைக்கு மேல் இயக்கும்போது பிறக்கும் கரகரப்பு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கருவியின் பழுதாகத் தொடங்கி, பின்னர் இசைஞர் விரும்பிப் பெறும் ஒலியாக மாறியது. அவ்வொலி ஓரிடத்தில் இனிமையாகவும் வேறோரிடத்தில் செவியைக் குத்துவதாகவும் அமைவதற்கு வால்வு, டிரான்சிஸ்டர் வேறுபாடே காரணம் என்ற கருத்து பரவலாக நிலவுகிறது. 1951ஆம் ஆண்டுக்குப் பிந்தைய சில நிகழ்வுகளைக் கொண்டு, ஒலியின் கடுமையை முடிவுசெய்வதில் ஒலிபெருக்கிக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அம்முடிவிலிருந்து, பழுதறிவதற்குரிய வரிசைமுறை ஒன்றும் பெறப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மின்கிட்டார், பெருக்கி, ஒலிபெருக்கி, ஓவர்டிரைவ், சீரிசை, வால்வு, டிரான்சிஸ்டர்.

முன்னுரை

ஓவர்டிரைவ் எனப்படும் ஒலியைப் பற்றிய எழுத்துகளில் இரு பண்புகள் ஒன்றாகக் கலந்து பேசப்படுகின்றன. ஒன்று, அலையின் வடிவம் திரிவதால் உண்டாகும் தடித்த ஒலி. இக்கட்டுரை அதனைக் ‘கரகரப்பு’ என்று குறிக்கிறது. மற்றொன்று, அத்திரிபோடு சேர்ந்து வரும் கூரிய, செவியறுக்கும் உயர் ஒலி. அது ‘கடுமை’ என்று குறிக்கப்படுகிறது. முன்னது நாடப்படுவது, பின்னது தவிர்க்கப்படுவது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டால், கடுமையைப் போக்க விரும்புபவர் கரகரப்பையே குறைக்க நேரும். அல்லது குற்றமற்ற வால்வுகளையும் பெருக்கியையும் மாற்றிப் பொருட்செலவுக்கு ஆளாக நேரும். வரலாற்றை எழுதுபவருக்கும் இதே இடர் உண்டு.

1. அலையும் ஒலிபெருக்கியும்

பெருக்கி தன் எல்லையைத் தாண்டும்போது அலையின் முகடும் அகடும் வெட்டுண்டு தட்டையாகின்றன. அதனால் மூல ஒலியில் இல்லாத சீரிசைகள், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் முழுமடங்குகள், புதிதாகத் தோன்றுகின்றன. சமச்சீராக வெட்டுண்ட அலையில் ஒற்றைப்படைச் சீரிசைகளே தோன்றும். 440 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்று முற்றிலும் சதுர அலையாக மாறினால் 1320, 2200, 3080, 3960, 4840, 5720 ஹெர்ட்ஸ் எனச் சீரிசைகள் தொடரும். அவற்றின் வீச்சு மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று, ஏழில் ஒன்று என மெல்லவே குறையும்.

இவ்வொலி காதை அடைவதற்கு முன் ஒலிபெருக்கியைக் கடக்க வேண்டும். இன்று வழங்கும் இயங்குசுருள் ஒலிபெருக்கியின் அடிப்படை வடிவத்தை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சார்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்டு கெல்லாக்கும் 1925இல் வெளியிட்டனர். கிட்டாருக்குரிய 12 அங்குல ஒலிபெருக்கி பொதுவாக 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் விரைந்து ஓய்ந்துவிடும். ஆகவே மேற்கூறிய சுரத்தின் 13ஆம் சீரிசையும் அதற்கு அப்பாற்பட்டவையும் பெருமளவு வடிகட்டப்படுகின்றன. இன்னொரு புறம், அத்தகைய ஒலிபெருக்கிகள் பலவற்றில் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி எடுப்பாக ஒலிக்கிறது. மனிதச் செவியின் கூருணர்வு மிகுந்த பகுதியும் ஏறத்தாழ அதுவே. எனவே கூம்பின் இயல்புக்கேற்ப ஒரே திரிபு இனிமையாகவோ கடுமையாகவோ அமைகிறது.

2. பழுதாகப் பிறந்த ஒலி

1951ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்ஸின் ஒலிப்பதிவுக்கூடத்தில் ‘ராக்கெட் 88’ பதிவு செய்யப்பட்டது. கிட்டார் கலைஞர் வில்லி கிசார்ட்டின் பெருக்கி பயணத்தில் சேதமுற்றிருந்தது. சேதம் நேர்ந்த விதம் பற்றிக் கூறப்படுபவை வேறுபடினும், சிதைந்த கூம்பில் காகிதத்தைத் திணித்து ஒலிப்பதிவைத் தொடர்ந்தனர் என்ற செய்தி அவற்றில் நிலைபெற்றுள்ளது. 1958இல் வெளிவந்த ‘ரம்பிள்’ என்னும் இசைத்தட்டுக்காக லிங்க் ரே ஒலிபெருக்கியைப் பென்சிலால் துளையிட்டார் என்றும், 1964இல் ‘யூ ரியலி காட் மி’ பாடலுக்காகத் தி கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் சிறிய பெருக்கி ஒன்றின் கூம்பைச் சவர அலகால் கீறினார் என்றும் அறியப்படுகிறது.

இம்மூன்றிலும் கை வைக்கப்பட்ட இடம் கூம்பே, மின்சுற்று அன்று. முதல் நிகழ்வில் தற்செயலாக நேர்ந்த சேதம் அடுத்த இரண்டிலும் வேண்டுமென்றே செய்யப்படுவதையும் காணமுடிகிறது. பதின்மூன்று ஆண்டுகளில் பழுது ஒரு உத்தியாக மாறியிருக்கிறது.

இதற்கு மாறான நிகழ்வு நாஷ்வில் நகரில் நேர்ந்தது. 1961இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் ‘டோண்ட் வொரி’ பாடலில் கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ் கிட்டார், ஒலிக்கலவை மேசையின் பழுதுற்ற ஒரு தடத்தால் திரிபடைந்தது. பொறியாளர் கிளென் ஸ்னாடி அவ்விளைவை டிரான்சிஸ்டர் சுற்றாக உருவாக்க முனைந்தார். அது 1962இல் கிப்சன் நிறுவனத்தின் வழியே ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாடல் அதனை உலகறியச் செய்தது. விரும்பத்தக்க கரகரப்பு வால்வுக்கே உரியது என்ற கூற்று இங்கேயே வலுவிழக்கிறது. அதே வேளை, இத்தகைய பெட்டிகள் கிட்டாருக்கும் பெருக்கிக்கும் இடையே இணைக்கப்படுபவை. அவற்றின் ஒலியும் வழக்கமாக ஒலிபெருக்கியைக் கடந்தே வெளிப்பட்டது.

3. ஒத்த சுற்றும் வேறுபட்ட ஒலிபெருக்கியும்

லியோ ஃபெண்டரின் நோக்கம் திரிபற்ற தெளிந்த ஒலியே. 1950களின் இறுதியில் அவரது நிறுவனம் தயாரித்த ‘பாஸ்மேன்’ பெருக்கியில் நான்கு 10 அங்குல ஒலிபெருக்கிகள் பின்புறம் திறந்த பெட்டியில் அமைந்திருந்தன. இலண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோர் 1962–63 காலத்தில் அதே சுற்றைப் பின்பற்றி ‘ஜேடிஎம்45’ பெருக்கியை உருவாக்கினர். முதல்நிலை வால்வு உள்ளிட்ட சில உறுப்புகள் வேறுபட்டாலும் சுற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. வெளிப்படையான மாற்றம், பின்புறம் மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குலச் செலஸ்டியன் ஒலிபெருக்கிகள் இடம்பெற்றமையாகும்.

இவ்விரு பெருக்கிகளின் ஒலியும் ஒன்றாக அமையவில்லை. பிரித்தானிய ஒலி, அமெரிக்க ஒலி என்று பின்னாளில் பிரித்துப் பேசப்பட்டதன் ஒரு பகுதியேனும் ஒலிபெருக்கி, பெட்டி ஆகியவற்றின் வேறுபாடு என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகிறது.

4. டிரான்சிஸ்டர் மீதான குற்றச்சாட்டு

1966இல் ஃபெண்டர் நிறுவனம் டிரான்சிஸ்டர் பெருக்கிகளை அறிமுகப்படுத்தியது. அவை வரவேற்புப் பெறாமல் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டன. 1973இல் ரசல் ஹாம் ஒலிப்பொறியியல் இதழில் வெளியிட்ட ஆய்வு, மிகைச்சுமையின்போது வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் சீரிசைகள் வேறுபடுவதைக் காட்டியது. கிட்டார் உலகில் அது வால்வின் மேன்மைக்குச் சான்றாக எடுத்தாளப்படுவதுண்டு. ஆயின் ஹாம் ஆராய்ந்தவை ஒலிப்பதிவுக்கூடத்து மைக்ரோஃபோன் முன்பெருக்கிகள். கிட்டார் பெருக்கியோ அதன் ஒலிபெருக்கியோ அல்ல. ஆய்வின் முடிவு அதன் எல்லைக்கு வெளியே கொண்டுசெல்லப்பட்டது.

குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்பதன்று. சட்டென்று வெட்டும் சுற்று, மெல்ல வளைக்கும் சுற்றைவிட உயர் சீரிசைகளை மிகுதியாகத் தருகிறது. ஆனால் அவை காதை எட்டும் அளவை முடிவு செய்வது கூம்பு.

5. ஒலிபெருக்கி நீங்கியபோது

1982இல் டாம் ஷோல்ஸ் வெளியிட்ட ‘ராக்மேன்’ என்னும் சிறு கருவி, இக்கருத்தை எதிர்த்திசையிலிருந்து உறுதிப்படுத்துகிறது. காதணியிலோ கலவை மேசையிலோ நேரடியாக இணைக்கப்பட்ட அதில் வால்வும் இல்லை. கிட்டார் ஒலிபெருக்கியும் இல்லை. கூம்பு செய்துவந்த வடிகட்டலை மின்சுற்றே செய்ய வேண்டியிருந்தது. அது அமைந்தபின், டிரான்சிஸ்டர் வகைச் சுற்றிலிருந்தே வழுவழுப்பான கரகரப்பு கிடைத்தது. டெஃப் லெப்பர்ட் குழுவின் 1987ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான ‘ஹிஸ்டீரியா’வில் அக்கருவி பயன்பட்டது. கடுமையை நீக்கியது வால்வு அன்று, வடிகட்டலே என்பது இதனால் பெறப்படும்.

6. பழுதறியும் வரிசைமுறை

மேற்கண்ட வரலாறு, கடுமையின் காரணத்தைத் தேடுவதற்கு ஒரு வரிசையைத் தருகிறது. முதலில், அதே பெருக்கியை மின்தடுப்பு பொருந்திய வேறோர் ஒலிபெருக்கியுடன் இணைத்துக் கேட்க வேண்டும். கடுமை நீங்கினால் காரணம் முதல் ஒலிபெருக்கியிலோ அதன் பெட்டியிலோ உள்ளது. வால்வுப் பெருக்கியை ஒலிபெருக்கி இன்றி இயக்கலாகாது.

இரண்டாவது, கேட்கும் இடம். 12 அங்குலக் கூம்பு உயர் அதிர்வெண்களை நேர்முன்னாகக் குவித்து அனுப்புகிறது. தரையில் வைத்த பெட்டிக்கு மேலே நின்று உயர் ஒலியைக் கூட்டும் இசைஞர், நேரெதிரில் இருப்பவருக்குக் கடுமையை அனுப்புகிறார். கூம்பின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மைக்ரோஃபோனை நகர்த்தினால் ஒலி மென்மையாவதும் இதனோடு தொடர்புடையது.

மூன்றாவது, தனிச்சுரம் தெளிவாகவும் பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும்போது குழப்பமாகவும் இருப்பின், காரணம் பெரும்பாலும் கலப்புத் திரிபு. 440, 554 ஹெர்ட்ஸ் சுரங்கள் இணையும்போது 114 ஹெர்ட்ஸில் இசைக்குப் பொருந்தாத வேற்றொலி தோன்றும். 440, 659 இணையும்போது தோன்றும் 219, மூலச் சுரத்தின் கீழ்ஸ்தாயிக்கு மிக நெருங்கியது. கரகரப்பான இசையில் பின்னைய இணை பெருவழக்காக இருப்பதற்கு இது ஒரு காரணம். பெருக்கத்தைக் குறைப்பதும், திரிபுக்கு முன்பே தாழ் ஒலியைக் குறைப்பதும் இங்குத் தீர்வாகும்.

நான்காவது, குறைந்த ஒலியிலும் குறிப்பிட்ட சில சுரங்களுக்கு மட்டும் அதிர்வொலி எழுந்தால், கிழிந்த கூம்பையோ உரசும் சுருளையோ ஐயுறலாம். சுரம் தேய்ந்து மறையும் வேளையில் சரசரப்பு மிகுந்தால், திறன்நிலைச் சுற்றின் சார்பு மின்னழுத்தத்தை ஆராய வேண்டும். உயர் மின்னழுத்தம் உள்ள இடமாதலால், அது பயிற்சி பெற்ற பழுதுநீக்குநரின் பணி.

முடிவுரை

கிழிந்த கூம்பு, துளையிட்ட கூம்பு, மாற்றிய கூம்பு, இறுதியில் மின்சுற்றால் போலச் செய்த கூம்பு என ஓவர்டிரைவ் ஒலியின் வரலாற்றை ஒலிபெருக்கியின் வழியே தொடர்ந்து படிக்க முடிகிறது. வால்வும் டிரான்சிஸ்டரும் திரிபை உண்டாக்குகின்றன. அத்திரிபில் எது கேட்கப்படும் என்பதை ஒலிபெருக்கி தேர்கிறது. ஆதலால் கடுமையைப் பற்றிய ஆய்வும் பழுதுநீக்கமும், சுற்றைத் திறப்பதற்கு முன் கூம்பிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.