காஸ்பரோவும் கணிப்பொறியும்

1995ஆம் ஆண்டு நியூயார்க்கில் நம் விசுவநாதன் ஆனந்தைக் காஸ்பரோவ் 10½–7½ என வென்றபோது, சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நாமும் மனம் சோர்ந்தோம். அந்தக் காஸ்பரோவே 1996 பிப்ரவரி 10ஆம் நாள் பிலடெல்பியாவில் ஐ.பி.எம். நிறுவனத்தாரின் 'டீப் புளூ' என்னும் கணிப்பொறியிடம் முதல் ஆட்டத்தை இழந்தார். நொடிக்குப் பத்துக் கோடி நிலைகளை ஆராயவல்ல பொறி அது!

எனினும் அவர் அஞ்சினாரில்லை. மறுநாளே வென்றார், அடுத்த இரண்டும் சமமாயின, ஐந்தாவதும் அவருக்கே. ஆறாம் ஆட்டத்தில் பொறியின் யானையும் அமைச்சரும் தம் மூலையிலேயே அடைபட்டுச் சிறையிருந்தன. அத்தனை கோடி கணக்கிட்டும் அச்சிறையை அது முன்னுணரவில்லை என்பதே வியப்பு. 4–2 எனக் காஸ்பரோவ் வாகை சூடினார்.

பொறியாளர் வாளாவிருந்தாரல்லர். அதனைத் திருத்தி, 1997 மே மாதம் நியூயார்க்கில் மீண்டும் களமிறக்கினர். இம்முறை 3½–2½ எனப் பொறி வென்றது.