‘பை வேணுமா?’ எண்டு கேட்க ஆளில்லாத கடை

2015 ஒக்டோபர் 5ஆம் திகதி இங்கிலாந்தின் பெரிய கடைகளில் காசாளர்கள் ஒரு புதுக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்கள். “பை வேணுமா?” வேணுமெண்டால் ஒன்றுக்கு 5 பென்ஸ். அதுக்கு முதல் நாள் வரைக்கும் அந்தக் கேள்விக்கு இடமே இருக்கேல்ல. சாமான் வாங்கினால் பை வரும், அவ்வளவுதான். 2014ஆம் ஆண்டில் மட்டும் அங்குள்ள ஏழு பெரிய சுப்பர்மார்க்கெட் நிறுவனங்கள் 760 கோடி பைகளைக் கொடுத்திருந்தன. ஆளுக்கு ஏறத்தாழ 140.

லண்டனில் சொந்தக்காரர் இருக்கிற வீடுகளுக்கு இந்தக் கதை அப்பவே ரெலிபோனில் வந்திருக்கும்: “இஞ்ச இப்ப சொப்பின் பைக்கும் காசு.” ஒரு பைக்கு ஐந்து பென்ஸ் என்பது அங்கே யாரையும் ஏழையாக்காத காசு. அப்படியிருந்தும் முதல் ஆறு மாதத்தில் அதே ஏழு நிறுவனங்களில் கொடுபட்ட பைகள் கிட்டத்தட்ட 60 கோடியாக இறங்கின. முந்தைய கணக்கோடு ஒப்பிட்டால் 80 வீதத்துக்கும் கூடுதலான வீழ்ச்சி. இவ்வளவு சின்னக் காசு எப்படி இவ்வளவு வேலை செய்தது? அது தெரிந்தால்தான் அதே காசு ஒன்லைன் கடையில் ஏன் தடுமாறியது எண்டும் விளங்கும்.

இந்தப் பை அப்படியொன்றும் பழசில்லை. ஒரே பொலித்தீன் குழாயை மடித்து, சூட்டில் ஒட்டி, மேலே வெட்டிக் கைபிடி வைக்கிற வடிவத்தை உருவாக்கியவர் சுவீடனைச் சேர்ந்த ஸ்டென் குஸ்தாவ் துலின். அவர் வேலை செய்த செலோபிளாஸ்ட் கொம்பனி 1965இல் அமெரிக்காவில் அதுக்குக் காப்புரிமை எடுத்தது. துலின் ஒரு பையை மடித்துத் தன் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு திரிவாராம். திரும்பத் திரும்பப் பாவிக்கத்தான் அவர் அதைச் செய்தார் என்பது அவருடைய மகன் பின்னாளில் சொன்னது. எங்கட ஊரில் உமல் எத்தனை தரம் சந்தைக்குப் போய் வந்திருக்கும் எண்டு யோசித்தால் துலினின் நினைப்பு விசித்திரமாகப் படாது. ஆனால் கடைகள் அதைச் சும்மா கொடுக்கத் தொடங்கின. சும்மா வருவதை யார் மடித்து வைப்பார்கள்?

காசு கேட்டுப் பார்த்தவர்களில் உலகம் திரும்பிப் பார்த்தது அயர்லாந்தை. 2002 மார்ச் 4ஆம் திகதி அங்கே ஒரு பைக்கு 15 யூரோ சதம் வரி வந்தது. அதுக்கு முன்னர் மக்களிடம், பைக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் எண்டு கேட்டிருந்தார்கள். வந்த பதிலின் சராசரி 2.4 சதம். அரசு வேணுமெண்டே அதைப் போல ஆறு மடங்குக்கு மேல் வைத்தது. காசு சேர்ப்பதை விட ஆட்களை நிறுத்தி யோசிக்க வைப்பதே நோக்கம். ஆளுக்கு வருடம் 328 ஆக இருந்த பைகள் 21க்கு இறங்கின. பிறகு பழகிப்போய் 31 வரை ஏற, 2007 ஜூலையில் வரியை 22 சதமாக்கினார்கள். பழக்கம் காசை விழுங்கிவிடும் என்பதை அயர்லாந்து ஐந்தே வருடத்தில் கண்டுகொண்டது.

பிரித்தானியாவில் இது மேலிருந்து மட்டும் வரேல்ல. டெவன் மாவட்டத்தின் மொட்பெரி எண்ட சின்ன ஊர் 2007 மே மாதத்தில் கடைகளில் பிளாஸ்டிக் பையை நிறுத்தியது. அதைத் தொடக்கியவர் ரெபேக்கா ஹொஸ்கிங். பசிபிக் கடலின் மிட்வே தீவுகளில் படம் பிடிக்கப் போனவர், அங்கே பிளாஸ்டிக் தின்று செத்துக் கிடந்த அல்பட்ரோஸ் பறவைகளைக் கண்டு வந்திருந்தார். அரசுகள் மெல்லத்தான் அசைந்தன. வேல்ஸ் 2011, வட அயர்லாந்து 2013, ஸ்கொட்லாந்து 2014. இங்கிலாந்து கடைசி.

கடைசியாக வந்த சட்டம் ஓட்டைகளோடுதான் வந்தது. 250 பேருக்குக் குறைவான பணியாளர் உள்ள நிறுவனங்களுக்கு விலக்கு. வேல்ஸ் காகிதப் பையையும் சேர்த்துக்கொள்ள, இங்கிலாந்து அதை விட்டுவிட்டது. பச்சை இறைச்சி, மீன், மருத்துவர் எழுதிய மருந்து, உறையில்லாத கத்தி ஆகியவற்றுக்கும் விலக்கு. தண்ணீரோடு கொண்டுபோகிற உயிருள்ள மீனுக்கும் கூட! தங்கமீன் வாங்குகிறவரை நினைத்த சட்டத்துக்கு, இணையத்தில் மரக்கறி வாங்குகிறவரை நினைக்கத்தான் சரியாகத் தெரியேல்ல.

சட்டப்படி ஒன்லைன் விநியோகத்துக்கும் காசு உண்டு. ஆனால் கடையில் நடப்பதும் அங்கே நடப்பதும் ஒன்றில்லை. கடையில் நீங்கள் காசாளருக்கு முன்னால் நிற்கிறீர்கள். பாணும் பால் பெட்டியும் கையில் கொள்ளும் எண்டு தெரியும். பின்னால் வரிசையில் ஆட்கள். “பை வேணுமா?” எண்டு ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். வேண்டாம் எண்டு சொல்ல அந்த ஒரு கணம் போதும். ஐந்து பென்ஸின் பலம் அதுதான்: அது விலையாக இருந்ததை விடக் கேள்வியாகவே கூட வேலை செய்தது.

ஒன்லைனில் அந்தக் கணம் இல்லை. முப்பது நாற்பது சாமான் தெரிவு செய்கிறீர்கள். எங்கோ ஒரு களஞ்சியத்திலோ கடைக்குள்ளேயோ ஒரு பணியாளர் அதை எடுத்துப் பொதி செய்கிறார். சவர்க்காரத்தையும் சீஸையும் ஒரே பைக்குள் வைப்பதா, வேறாக்குவதா எண்டு முடிவெடுப்பது அவர். காசு கட்டுவது நீங்கள். எத்தனை பை வரும் எண்டு ஓடர் போடும்போது யாருக்கும் தெரியாது. அதனால் டெஸ்கோ உட்படச் சில பெரிய நிறுவனங்கள் ஒரு குறுக்கு வழி பிடித்தன: பையோடு வேணுமெண்டால் ஒரு விநியோகத்துக்கு மொத்தமாக 40 பென்ஸ், இல்லாவிட்டால் பையில்லாமல் தட்டில் வரும்.

கணக்கைப் பாருங்கோ. 40 பென்ஸ் எண்டால் எட்டுப் பையின் காசு. மூன்று பை வந்தாலும் 40, பதினைந்து வந்தாலும் 40. கட்டிவிட்ட பிறகு ஒவ்வொரு கூடுதல் பையும் திரும்பச் சும்மாதான். கடையில் ஒவ்வொரு பைக்கும் கேட்கப்பட்ட கேள்வி இங்கே ஒரு தரம் அழுத்தி மறந்துவிடுகிற பொத்தானாகிவிட்டது. அடுத்த கிழமைக்கு அதே ஓடரைத் திரும்பப் போட்டால் அந்தத் தெரிவும் கூடவே வரும். என்னைக் கேட்டால், பையைக் குறைக்கக்கூடியவர் பொதி செய்கிற கடைக்காரர்தான். அவரிடம் கேட்க வேண்டிய காசை வாங்குபவரிடம் கேட்டால் குறையப்போவது வாங்குபவரின் காசு மட்டுமே.

பிறகு கொவிட் வந்தது. 2020 மார்ச் 21 முதல் செப்டெம்பர் 21 வரை இங்கிலாந்து அரசு ஒன்லைன் விநியோகத்துக்கு மட்டும் பைக் கட்டணத்தை நிறுத்தி வைத்தது. தொற்று அபாயத்தைக் குறைக்க, விநியோகத்தை விரைவாக்க எண்டு காரணம் சொன்னார்கள். அந்த நேரத்தில் அதைக் குறை சொல்ல முடியாது, வாசலில் நின்று ஒவ்வொரு சாமானாக எடுத்துக் கொடுக்க எல்லாருக்கும் பயம். ஆனால் அந்த ஆறு மாதத்தில்தான் வெளியே போகாத கோடிக்கணக்கான ஆட்கள் ஒன்லைனுக்குப் பழகினார்கள். கனபேருக்கு அந்தக் கடையின் முதல் அனுபவமே சும்மா வந்த பைதான். வேடிக்கை என்னவெண்டால், விலக்கு நடப்பில் இருந்த அதே ஓகஸ்ட் கடைசியில், கட்டணத்தை 10 பென்ஸாக்கி எல்லாக் கடைகளுக்கும் விரிக்கப் போவதாக அரசு அறிவித்தது. அது 2021 மே 21இல் நடைமுறைக்கு வந்தது.

சாதனைக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. மெல்லிய பைகள் 95 வீதம் குறைந்ததாக அரசு சொன்னது, அது உண்மைதான். ஆனால் டெஸ்கோ போன்றவை 5 பென்ஸ் பையையே கைவிட்டு, ‘வாழ்நாள் பை’ எண்ட பெயரில் தடித்த பையை விற்கத் தொடங்கியிருந்தன. கிரீன்பீஸும் சுற்றுச்சூழல் புலனாய்வு முகமையும் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி வருடத்துக்கு 150 கோடி வாழ்நாள் பைகள் விற்றிருந்தன, வீட்டுக்கு 54. ஒரு வீட்டுக்கு வருடத்தில் 54 வாழ்நாள்! பிரித்தானியச் சுற்றுச்சூழல் முகமையின் 2011 ஆய்வு, காலநிலைப் பாதிப்பில் மெல்லிய பையை முந்த அந்தத் தடித்த பையை நான்கு தரமாவது பாவிக்க வேணும் எண்டது. பருத்திப் பையை 131 தரம்.

அந்தக் காசு யாருக்குப் போனது? அயர்லாந்தில் அது வரி, அரசின் சுற்றாடல் நிதிக்குப் போனது. இங்கிலாந்தில் அது கடையின் வருமானம். நல்ல காரியத்துக்குக் கொடுங்கோ எண்டு அரசு எதிர்பார்த்தது, கட்டாயப்படுத்தேல்ல. முதல் ஐந்து வருடத்தில் 15 கோடி பவுண்டுக்கு மேல் அப்படிக் கொடுபட்டதாக அரசின் கணக்கு. வாழ்நாள் பை விற்ற காசு இந்தக் கணக்குக்குள் வராது.

இலங்கையில் 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்த பிறகு, அந்த வருடம் செப்டெம்பரில் லஞ்ச் ஷீட்டுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் தடை வந்தது. சொப்பின் பையைச் சும்மா கொடுக்கக் கூடாது, அதன் விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேணும் எண்ட விதி 2025 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. இனி ஒன்லைனில் சாமான் எடுக்கேக்க உங்கட பற்றுச்சீட்டில் அந்த இடத்தைப் பாருங்கோ: பைகளின் எண்ணிக்கை போட்டிருக்கா, இல்லை மொத்தமாக ஒரு தொகையா?