பெங்களூர்ப் புறநகரின் பெருங்கற்கால இடுகாடுகள்

பெங்களூரிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையத்துக்குச் செல்லும் வழியில் சிக்கஜாலா என்னும் சிற்றூர் உள்ளது. சாலையோரத்தில் தெரியும் அதன் பழைய கோட்டையைப் பலர் அறிவர். அக்கோட்டையைவிட மிகத் தொன்மையான இடுகாடு ஒன்று அங்கே இருப்பதை அறிந்தோர் சிலரே.

பெங்களூரைச் சுற்றி இத்தகைய இடுகாடுகள் பல இருந்தன. சாவனதுர்க மலையடிவார இடுகாட்டைப் பற்றி பிரான்ஃபில் 1881இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் எழுதினார். ஹொசகோட்டே வட்டத்து ஜடிகேனஹள்ளியில் எம். சேஷாத்ரி 1957இல் அகழாய்வு நடத்தினார். இவை பெரும்பாலும் கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டில், இரும்பைக் கையாண்ட சிறு குடிகள் அமைத்தவை. ஊர்மக்கள் இவற்றைப் 'பாண்டவர மனெ', அதாவது பாண்டவர் வீடு, என்றே அழைத்து வந்தனர்.

அப்பெயரில் ஒரு பொருத்தம் உண்டு. கற்பதுக்கை என்பது இறந்தோர்க்கான வீடுதான். நான்கு பலகைக் கற்களை, ஒன்றன் ஓரம் அடுத்ததைத் தாண்டி நீளுமாறு ஸ்வஸ்திக வடிவில் நட்டனர். புறமண் அழுத்தும்போது அவை ஒன்றையொன்று தாங்கி நிற்கும். மேலே ஒரு மூடுகல். பக்கக் கல் ஒன்றில், பல இடங்களில் கிழக்கு நோக்கி, வட்டமான இடுதுளை. உள்ளே கறுப்பு-சிவப்புக் கலங்களும் இரும்புக் கருவிகளும் வைக்கப்பட்டன. சித்திரதுர்க மாவட்டத்துப் பிரம்மகிரியில் 1947இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், ஒரே பதுக்கையில் பலருடைய எலும்புகள் சேர்த்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். உடலை முதலில் வேறிடத்தில் இட்டு, பின்னர் எலும்புகளைத் திரட்டி அடக்கும் வழக்கத்தை அது காட்டியது.

தம் குடில்களை அழியும் பொருள்களால் கட்டிய அம்மக்கள், இறந்தோர்க்கு மட்டும் கல்லால் கட்டினர். அவர்கள் எழுத்தை விட்டுச் செல்லவில்லை, பெயர்களும் எஞ்சவில்லை. அவர்களுடைய வரலாறு பெரிதும் இக்கல்லறைகளிலேயே தங்கியுள்ளது.

1958ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைத் தடுக்கின்றன. அதற்கப்பால் 200 மீட்டர்வரை அனுமதி பெறவேண்டும். பட்டியலில் இடம்பெறாத இடுகாட்டுக்கு இக்காப்பு இல்லை. கல்லுடைப்பும் மனைப்பிரிவும் அங்கே எளிதில் நுழைகின்றன.

பெயர்த்த பலகைக்கல்லை அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடலாம். ஆனால் அது எத்திசை நோக்கி நின்றது, அதனருகே யார் எலும்புடன் எந்தக் கலம் இருந்தது என்பதை மீண்டும் அறிய வழியில்லை. ஆகவே கல்லைக் காப்பது மட்டும் போதாது. அது நிற்கும் நிலத்தையும் காக்கவேண்டும்.