கையளவு மனிதர்கள்

சாவிக்கொத்தில் தொங்கும் சிற்றுருவங்களை இந்நாளில் நேயர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். கட்டைவிரல் அளவில் ஒரு பூனை, மட்டை பிடித்த ஒரு கிரிக்கெட் வீரர், மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு பாட்டி. வீட்டிலிருந்தபடியே பலர் இவற்றைக் கையால் பிடித்து விற்கின்றனர். இதற்குப் பயன்படும் பொருளைப் பாலிமர் களிமண் என்கிறார்கள். மண் என்பது பெயரில் மட்டுமே உண்டு. பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கின் தூளும், அதனை நெகிழச் செய்யும் எண்ணெய் போன்றதொரு பொருளுமே அதில் அடங்கியவை. ஜெர்மனியில் பொம்மைத் தொழிலில் புகழ்பெற்ற கேதே குரூசே அம்மையாரிடம், இரண்டாம் உலகப் போர் மூண்ட காலத்தில், பொம்மைத் தலை செய்யத் தக்கது என்று இத்தகைய ஒரு பொருள் வந்து சேர்ந்தது. அவ்வேலைக்கு அது ஒத்துவரவில்லை. அவருடைய மகள் அதைக் கொண்டு சிறு உருவங்கள் செய்து பார்த்தார். பின்னர் 1964இல் ஓர் எழுதுபொருள் நிறுவனம் அதன் உரிமையை வாங்கி, ஃபிமோ என்ற பெயரில் உலகெங்கும் பரப்பியது.

பொருள் புதிது, தொழில் புதிதன்று. ஓர் அங்குல முகத்தில் "இவர் இன்னார்" என்று கண்டவுடன் சொல்லும்படி உயிர் வைப்பது நம் நாட்டில் ஓர் ஊருக்கே பரம்பரைத் தொழிலாக இருந்து வருகிறது. வங்காளத்தின் நதியா மாவட்டத்தில், கிருஷ்ணநகரைச் சேர்ந்த கூர்ணி என்னும் பகுதியே அது. அருகில் ஜலாங்கி ஆறு ஓடுகிறது.

18ஆம் நூற்றாண்டில் நதியாவை ஆண்ட மகாராஜா கிருஷ்ணசந்திரர் வேற்றூர்களிலிருந்து குயவர் குடும்பங்களை வரவழைத்துக் குடியேற்றினார் என்பது அங்கு வழங்கும் மரபு. பூஜைக்குரிய தெய்வத் திருவுருவங்களைச் செய்வதே அவர்களுடைய முதற்பணி. தேவியின் திருமுகத்தை வனைந்த அதே விரல்கள் நாளடைவில் தெருவில் போகிறவர்களின் முகத்தையும் வனையத் தொடங்கின. தோல்பையில் நீர் சுமக்கும் பிஸ்தி, தபால்காரர், மீன் விற்பவள், புரோகிதர், சேவகன், பாம்பாட்டி என்று வங்காளத்தின் வாழ்க்கை முழுவதும் சாண் அளவிலும் விரல் அளவிலும் உருப்பெற்றது. நம் கொலுப்படியில் செட்டியார் பொம்மையைக் கண்டு பழகிய நமக்கு இது வியப்பன்று எனத் தோன்றலாம். ஆனால் நம் செட்டியார் எந்த வீட்டிலும் ஒரே செட்டியார்தான். கூர்ணியின் மீன்காரி அப்படியல்லள். ஒருத்தி பேரம் பேசிச் சலித்தவள். மற்றொருத்தி கூடையை இப்போதுதான் இறக்கியவள்.

இது எவ்வாறு கைகூடிற்று? ஆற்று வண்டலைக் கல்லும் வேரும் நீக்கி, பஞ்சு நாரைச் சேர்த்து, மாவுபோல் பிசைவர். நார் சேர்ந்தால் உலரும்போது வெடிப்பு குறையும். மெல்லிய கம்பியை வளைத்து முதலில் எலும்புக்கூடு போன்ற ஒரு சட்டம் அமைப்பர். உருவம் நிற்பதா, குந்துவதா, குனிவதா என்பது இக்கம்பியிலேயே முடிவாகிவிடும். முகம் பிறகுதான். சிற்றுருவத்தில் முகத்தைவிட முதுகே அதிகம் பேசுகிறது என்பது நம் கருத்து. சுமை தூக்குபவனின் கழுத்து எவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டும் என்று அறியாதவன் கண்ணையும் மூக்கையும் எத்துணை நுட்பமாகத் தீட்டினாலும் பயனில்லை. இறுதியில் புளியங்கொட்டைப் பசையில் குழைத்த வண்ணம் பூசி, மெருகெண்ணெய் தடவுவர்.

1851இல் இலண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்குக் கிருஷ்ணநகர் உருவங்கள் சென்றன. அதன்பின் ஐரோப்பாவிலும் கல்கத்தாவிலும் நடந்த பொருட்காட்சிகளில் ஸ்ரீராம் பால், யதுநாத் பால் முதலியோரின் கைத்திறன் பாராட்டுப் பெற்றது. ஆனால் அவை எந்தக் கூடத்தில் வைக்கப்பட்டன என்பதை நோக்க வேண்டும். ஓவியமும் சலவைக்கல் சிலையும் வைக்கப்பட்ட கலைக்கூடத்தில் அன்று. கைத்தொழில் பொருள்களோடும், "இந்தியச் சாதிகளும் தொழில்களும்" எனக் காட்டும் மாதிரிகளோடும் அவை வைக்கப்பட்டன. அயலார் கண்ணுக்கு அந்த மீன்காரி ஒரு வகைக்குச் சான்று. செய்தவருக்கோ அவள் அடுத்த தெருவில் இருந்தவள்.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நம்மைப் போன்றோருக்கு இங்கே ஒரு சங்கடம் எழுகிறது. அக்காலப் பட்டியல்களில் உள்ள ஆங்கிலச் சொல்லை "மாதிரி" என்பதா, "பொம்மை" என்பதா? பொம்மை என்றால் குழந்தை உடைக்கும் பொருள். பாவை என்றால் அழகு கூடுகிறது, தொழில் மறைகிறது. சிற்பம் என்றால் கல் நினைவுக்கு வருகிறது. கூர்ணியார் தம்மை "மிருத்சில்பி", அதாவது மண்சிற்பி, என்று அழைத்துக்கொள்கின்றனர். அவர்கள் சொல்லையே நாம் எடுத்தாள்வது நேர்மை.

குறை கூறியோரும் உண்டு. வங்க எழுத்தாளரும் சர்க்கார் அதிகாரியுமான திரைலோக்கியநாத் முகோபாத்தியாயர் 1888இல் இந்தியக் கைவினைகள் பற்றி வெளியிட்ட ஆங்கில நூலில், இவ்வுருவங்களின் நுட்பத்தைப் போற்றினார். ஆயினும் மெய்யான துணியையும் மயிரையும் மண்ணுருவத்தில் ஒட்டுவது கலைத்தன்மையைக் குலைப்பதாகக் கண்டித்தார். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. மண்ணையே துணிபோல் மடிக்கத் தெரிந்தவனுக்குத் துணி எதற்கு? எனினும் வங்காளத்தில் தெய்வத் திருவுருவத்துக்கே மெய்யான ஆடையும் கூந்தலும் அணிவிப்பர். அக்குடியில் பிறந்தவனுக்கு இது ஏமாற்று அன்று, அலங்காரம்.

அமெரிக்காவில் சேலம் என்னும் துறைமுக ஊர் ஒன்று உண்டு. பெயர் கண்டு நம் சேலம் என்று மயங்க வேண்டாம். அங்குள்ள அருங்காட்சியகத்தில் கல்கத்தா வணிகர் சிலரின் ஆளுயர உருவங்கள் உள்ளன. சுடாத மண்ணால் ஆகி, மெய்யான உடை உடுத்தவை அவை. அமெரிக்கக் கப்பல் வணிகரோடு கொண்ட நட்பின் சின்னமாகக் கடல் கடந்தவை. அவற்றுள் இராஜேந்திர தத்தர் என்பவரின் உருவம் 1840களில் ஸ்ரீராம் பால் செய்தது என்று குறிக்கப்பட்டுள்ளது. வணிகர் பெயரோடு மண்சிற்பியின் பெயரும் தப்பிப் பிழைத்த அரிய நிகழ்ச்சி இது. கையளவு உருவங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பேறு கிட்டவில்லை. கிருஷ்ணநகர் என்னும் ஊர்ப்பெயரே அவற்றுக்கு முகவரி.

கூர்ணியில் இன்றும் தொழில் நடக்கிறது. பால் என்னும் பெயர் தாங்கிய கடைகளில் காய்கறிகளும் பழங்களும் சிற்றுருவ மனிதர்களும் வரிசையாக நிற்கின்றன. பிஸ்தி தெருவிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டார். கடைப் பலகையில் நிற்கிறார். அருங்காட்சியகங்களின் பழைய உருவங்களைப் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் கைகளைக் கவனியுங்கள். முதலில் உதிர்வது விரல்நுனி மண்தான். அங்கே மெல்லிய கம்பி, செய்தவர் வளைத்து விட்ட அதே வளைவில், வெளியே தெரியும்.