பின்னணி நினைவக மீட்பு

பின்னணி நினைவக மீட்பு என்பது, காலி நினைவகம் குறையும்போது, நிரல்களைக் காக்கவைக்காமல் நினைவகப் பக்கங்களை விடுவித்துத் தரும் கெர்னல் பணியாகும். நினைவக மேலாண்மையின் ஒரு பிரிவு. லினக்ஸில் இதைச் செய்வது கேஸ்வாப்டி என்னும் கெர்னல் இழை. நினைவக முனை ஒவ்வொன்றுக்கும் ஓர் இழை உண்டு. டெபியன் லினக்ஸைத் தழுவிச் சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கி, 2007இல் வெளிவந்த பாஸ் லினக்ஸிலும் இதே ஏற்பாடுதான்.

ஒவ்வொரு நினைவக மண்டலத்துக்கும் கீழ்மட்டம், அதற்கு மேல் தாழ்மட்டம், அதற்கும் மேல் மேல்மட்டம் என மூன்று எல்லைகள் உண்டு. காலிப் பக்கங்கள் தாழ்மட்டத்துக்குக் கீழே இறங்கினால் கேஸ்வாப்டி விழிக்கும். மேல்மட்டத்தை எட்டியதும் உறங்கும். கீழ்மட்டமும் உடைந்தால், நினைவகம் கேட்ட நிரலே நின்று மீட்பில் இறங்க வேண்டும். பயனர் உணரும் திணறல் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. அதுவும் பலிக்காதபோது கெர்னல் ஒரு நிரலைக் கொன்று இடம் பிடிக்கிறது.

அண்மையில் தொடப்படாத பக்கங்களே முதலில் வெளியேறும். வட்டில் நகல் உள்ள, மாறாத கோப்புப் பக்கம் உடனே கைவிடப்படும். மாறியது முதலில் வட்டில் எழுதப்படும். கோப்பில்லாப் பக்கம் ஸ்வாப் என்னும் மாற்றிடத்துக்குப் போகும். கோப்புப் பக்கம், கோப்பில்லாப் பக்கம் ஆகிய இவ்விரு வகைகளுக்கிடையிலான சாய்வை ஸ்வாப்பினஸ் அளவு தீர்மானிக்கிறது. இயல்பு மதிப்பு 60.

1979இன் 3பிஎஸ்டி யூனிக்ஸிலேயே இத்தகைய பின்னணிப் பணி இருந்தது. லினக்ஸ் 6.1 பதிப்பில் (2022) பக்கங்களை அண்மைப் பயன்பாட்டின்படி பிரிக்கும் பல தலைமுறைப் பட்டியல் முறை சேர்ந்தது. டாப் கட்டளையில், முதல் முனையின் இழையான கேஸ்வாப்டி0 தொடர்ந்து முன்வரிசையில் நின்றால், அது நினைவகப் பற்றாக்குறைக்கான வலுவான அறிகுறி.