ரோன் ஆற்றில் கரைந்த சாம்பலும் உடலின் உயிர்ப்பும்

நம் பாட்டன்மார் செபித்த பழைய விசுவாசப் பிரமாணத்தில் ‘சரீர உத்தானம்’ என்றொரு சொல் இருந்தது. இன்று அதனை ‘உடலின் உயிர்ப்பு’ என்கிறோம். சொல் மாறிற்று, பொருள் மாறவில்லை. செபமாலையின் தொடக்கத்திலும் ஞாயிறு திருப்பலியிலும், நாப்பழக்கத்தின் வேகத்தில் அச்சொல்லைக் கடந்து சென்றுவிடுகிறோம். ஆனால் அதே சொல் நம்மைத் தடுத்து நிறுத்தி வினவும் நாளும் வரவே செய்கிறது.

2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, குமரிக் கடற்கரை ஊர்களிலிருந்து தொழிலுக்குச் சென்ற மீனவருள் பலர் கரை திரும்பவில்லை. பலருடைய உடல்கள் இறுதிவரை கிடைக்கவே இல்லை. அடுத்த ஆண்டு கல்லறைத் திருநாளன்று, கடலோரப் பங்கு ஒன்றில் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டிருந்தோம். எல்லாரும் தத்தம் குடும்பக் கல்லறைகளில் பூவைத்து மெழுகுதிரி ஏற்றி நிற்க, ஒரு தாய் மட்டும் ஏற்றாத திரியைக் கையில் பிடித்தவாறு வாயிலருகே நின்றார். அருகே சென்றபோது, “சாமி, எம் புள்ளைக்குக் கல்லறை இல்லையே. கடைசி நாளுல அவன் எங்கயிருந்து எழும்புவான்?” என்று கேட்டார்.

அன்று நாம் நீண்ட விளக்கம் எதுவும் கூறவில்லை. அவருடன் கடற்கரை வரை நடந்து சென்று, அங்கே மணலில் அத்திரியை ஏற்றிச் செபித்துத் திரும்பினோம். ஆயினும் அவ்வினா நம்மை விட்டு அகலவில்லை. இதே வினாவை இதே துயரத்தோடு எதிர்கொண்ட திருச்சபை ஒன்று வரலாற்றில் உண்டா எனத் தேடியபோது, நம் நினைவு சென்று நின்ற இடம் கி.பி. 177ஆம் ஆண்டின் லியோன் நகரம்.

லியோனில் நடந்தது

இன்றைய பிரான்சு நாட்டில் ரோன், சோன் என்னும் இரு ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்துள்ளது லியோன். உரோமையர் அதனை லுக்துனும் என அழைத்தனர். கல்லிய நாட்டின் தலையாய நகராக அது விளங்கியது. அங்கும் அண்மையிலிருந்த வியன் நகரிலும் சிறு கிறிஸ்தவச் சபைகள் வேரூன்றியிருந்தன. மார்க்கு அவுரேலியு பேரரசராய் இருந்த காலம் அது. முதலில் கிறிஸ்தவர்கள் பொதுக் குளியலிடங்களிலிருந்தும் சந்தைகளிலிருந்தும் விலக்கப்பட்டனர், பின்னர்த் தெருக்களில் தாக்கப்பட்டனர், இறுதியில் சிறைப்பட்டனர். மனித இறைச்சி உண்பவர்கள் என்னும் கொடிய பழியும் அவர்கள்மீது சுமத்தப்பட்டது.

பின்னர் நிகழ்ந்தவற்றை, உயிர் பிழைத்தோர் சிறிய ஆசியாவிலிருந்த சபைகளுக்கு ஒரு மடலாக எழுதினர். நான்காம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் எவுசேபியு அம்மடலின் பெரும்பகுதியைத் தம் திருச்சபை வரலாற்றின் ஐந்தாம் நூலில் சேர்த்து வைத்ததால் அது நமக்குக் கிடைத்திருக்கிறது. தொண்ணூறு வயதைக் கடந்த ஆயர் பொத்தினு, மூச்சுவிடவும் இயலாத நிலையில் இழுத்துச் செல்லப்பட்டு, அடியும் உதையும் பட்டு, இரண்டு நாள்களில் சிறையிலேயே இறந்தார். பதினைந்து வயதுச் சிறுவன் பொந்திக்கு அரங்கில் உயிர் நீத்தான்.

மடல் நெடிதும் போற்றுவது பிளாந்தினா என்னும் அடிமைப் பெண்ணை. மெலிந்த உடலினள்; வதையைத் தாங்கமாட்டாமல் மறுதலித்துவிடுவாளோ என்று, தானும் சிறைப்பட்டிருந்த அவளுடைய தலைவியே அஞ்சினாள். ஆனால் விடியற்காலை முதல் மாலை வரை மாறிமாறி வதைத்தவர்களே களைத்துப்போயினர். பின்னர் அரங்கில் அவளை ஒரு மரத்தில் கட்டித் தொங்கவிட்டபோது, உடனிருந்த சகோதரர்கள் அவளது உருவில் தங்களுக்காகச் சிலுவையில் அறையப்பட்டவரையே கண்டனர் என்கிறது மடல். எல்லாருக்கும் இறுதியாக, தன் பிள்ளைகளை முன்னே அனுப்பிவிட்டுப் பின்செல்லும் தாயைப் போல, அவளும் இறந்தாள்.

வதை அதனோடு முடியவில்லை. மறைசாட்சிகளின் உடல்களை ஆறு நாள்கள் வெட்டவெளியில் போட்டுவைத்தனர். யாரும் எடுத்து அடக்கம் செய்துவிடாதபடி படைவீரர் காவல் நின்றனர். பின்னர் அவற்றை எரித்து, சாம்பலை ஒரு துகளும் மிஞ்சாமல் ரோன் ஆற்றில் தள்ளினர். ஏன்? இவர்கள் சாவுக்கு அஞ்சாமல் மகிழ்ச்சியோடு வருவது உயிர்த்தெழுவோம் என்னும் நம்பிக்கையால்தானே? அந்த நம்பிக்கையையே இல்லாமல் செய்துவிடுவோம். இனி எப்படி எழுகிறார்கள், பார்ப்போம் என்பதே அவர்கள் எண்ணம்.

பகைவர் புரிந்துகொண்ட மறைக்கல்வி

ஒருவகையில் அப்பகைவர்கள் நம்முள் பலரைவிட நன்றாக மறைக்கல்வி கற்றிருந்தனர் எனலாம். கிறிஸ்தவர்கள் நம்பியது ஆன்மாவின் அழியாமையை மட்டுமே எனில், உடலைச் சாம்பலாக்கி ஆற்றில் கரைக்க வேண்டிய தேவை என்ன? ஆன்மா அழிவற்றது எனக் கிரேக்க ஞானி பிளேட்டோ கிறிஸ்துவுக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே கற்பித்திருந்தார். அக்கொள்கையைக் கேட்டு எவரும் நகைக்கவில்லை. ஆனால் தூய பவுல் ஏதென்சு நகரில் இறந்தோர் உயிர்த்தெழுவதைப் பற்றிப் பேசியவுடன் சிலர் ஏளனம் செய்தனர் எனத் திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரம் கூறுகிறது. லியோன் நிகழ்ச்சிக்குச் சற்றொப்ப அதே ஆண்டுகளில் எழுதிய கெல்சு என்னும் மெய்யியலாளரும், அழுகிப்போன உடலை மீண்டும் விரும்புவது புழுக்களுக்கே தகும் என எள்ளி நகையாடினார்.

இந்நம்பிக்கையின் வேர் யூதமறையில் உள்ளது. மக்கபேயர் இரண்டாம் நூலின் 7ஆம் அதிகாரத்தில், ஏழு மகன்களுள் மூன்றாமவன் வெட்டப்படவிருக்கும் தன் கைகளை நீட்டி, விண்ணகத்திலிருந்து பெற்ற இவற்றை மீண்டும் அவரிடமிருந்தே பெறுவேன் என்று அறிக்கையிடுகிறான். ‘என் ஆன்மா தப்பிவிடும்’ என்று அவன் சொல்லவில்லை; கைகளைப் பற்றிச் சொல்கிறான். ஆண்டவர் காலத்தில் பரிசேயர் இந்நம்பிக்கையை ஏற்றனர், சதுசேயர் மறுத்தனர்.

இந்நம்பிக்கை கிறிஸ்துவில் நிகழ்ச்சியாயிற்று. அவர் இலாசரைப் போல மீண்டும் சாவதற்காக எழவில்லை. ஆவியுருவாய்த் தோன்றவுமில்லை, சீடர் முன்னிலையில் மீன் உண்டார், தோமாவுக்குக் காயங்களைக் காட்டினார். துன்புற்ற அதே உடல், சாவு இனித் தொடமுடியாத மாட்சியில். கி.பி. 55ஐ ஒட்டிக் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில் தூய பவுல் இதனை விதையின் உவமையால் விளக்குகிறார். மண்ணில் இட்ட விதையும் முளைத்தெழும் பயிரும் தோற்றத்தில் வேறு. ஆயினும் அப்பயிர் அவ்விதையினுடையதே.

இரனேயுவின் விடை

லியோன் மறைசாட்சிகள் சிறையிலிருந்தபோது, அச்சபையின் குரு ஒருவர் அவர்களுடைய மடலைச் சுமந்துகொண்டு உரோமையில் திருத்தந்தை எலூத்தேரியுவிடம் சென்றார். அவரே இரனேயு. சிறுவயதில் சிமிர்னா ஆயர் பொலிக்கார்ப்பின் போதனையைக் கேட்டவர். பொலிக்கார்ப்போ திருத்தூதர் யோவானிடம் கற்றவர் என்பது மரபு. பொத்தினுக்குப் பின் லியோன் சபையின் ஆயர் பொறுப்பு இரனேயுவின் தோளில் வந்து அமர்ந்தது. கல்லறை ஒன்றுகூட இல்லாத மறைசாட்சிகளின் சபை அது.

அங்கிருந்துதான் அவர் தப்பறைகளுக்கு எதிரான ஐந்து நூல்களை எழுதினார். பருப்பொருள் இழிந்தது, உடல் சிறைக்கூடம், மீட்பு ஆன்மாவுக்கு மட்டுமே என்று போதித்த ஞானக்கொள்கையினருக்கு அவர் மறுப்புரைத்தார். ஐந்தாம் நூலில் அவர் முன்வைக்கும் சான்றுகள் எளியவை. மண்ணிலிருந்து மனிதனை முதன்முதலில் உருவாக்கியது அரிய செயலா, இருந்தவனை மீண்டும் எழுப்புவது அரிய செயலா? முன்னதைச் செய்த கைகளுக்குப் பின்னது இயலாதோ? மேலும், ஊனுடலுக்கு மீட்பில்லை எனில் ஆண்டவர் தம் இரத்தத்தால் நம்மை மீட்கவில்லை என்றாகும். நாம் பருகும் கிண்ணமும் பொருளிழக்கும். மண்ணில் விழுந்த கோதுமை பெருகி அப்பமாகி, இறைவார்த்தையால் நற்கருணை ஆகிறது. அந்நற்கருணையால் ஊட்டம் பெற்ற நம் உடல்களும் மண்ணில் கிடந்து, உரிய காலத்தில் எழும்.

இவ்வரிகளின் பின்னணியில் ரோன் ஆறு ஓடிக்கொண்டிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. இரனேயு வாதத்திற்காக வாதிட்டவரல்லர். நற்கருணை உண்ட நாவுகளும், சகோதரரைத் தாங்கிய கைகளும் சாம்பலாகி நீரில் போனதை அறிந்தவர் அவர். 2022ஆம் ஆண்டு ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிசு அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

துயரமும் நம்பிக்கையும்

லியோன் மடலில் நம்மை நெகிழவைக்கும் இடம் மற்றொன்று உண்டு. உடல்களை மண்ணில் அடக்கம் செய்ய இயலாததை எண்ணி அவர்கள் மிகவும் வருந்தினர். இரவும் உதவவில்லை, பணமும் பயன்படவில்லை, மன்றாட்டும் பலிக்கவில்லை என எழுதினர். உயிர்ப்பில் உறுதியாய் நின்ற அவர்களே அடக்கத்திற்காக ஏங்கினர். இதில் முரண் ஏதுமில்லை. உடல் இறைவனின் படைப்பு, தூய ஆவியின் ஆலயம். ஆகவே அதனை மதிப்போடு மண்ணுக்கு ஒப்படைக்க விழைகிறோம். ஆனால் இறைவனின் வல்லமை நம் கல்லறைகளை நம்பியிருப்பதில்லை. ஆகவே கல்லறை கிடைக்காதபோதும் நாம் கலங்குவதில்லை.

387ஆம் ஆண்டு ஓஸ்தியா துறைமுகத்தில் நோயுற்றுக் கிடந்த புனித மோனிக்காவும் இதனையே உணர்ந்திருந்தார். ஆப்பிரிக்காவில் கணவருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என நெடுநாள் விரும்பியவர் அவர். இறுதியில், எங்கே புதைத்தாலும் சரி, திருப்பீடத்தில் என்னை நினையுங்கள் என்றார்; உலக முடிவில் தம்மை எழுப்ப வேண்டிய இடம் இறைவனுக்குத் தெரியாமல் போகாது என்றும் கூறினார். அவருடைய மகன் புனித அகுஸ்தினாரே இதனைப் பதிவு செய்துள்ளார்.

திருச்சபையின் ஒழுங்குமுறைகளிலும் இவ்விரு உண்மைகளும் இணைந்தே வருகின்றன. 1886இல் உரோமைத் திருப்பீடம் உடலை எரிப்பதைத் தடை செய்தது. உயிர்ப்பை மறுப்பதன் அடையாளமாக எரியூட்டலைச் சிலர் பரப்பிவந்த காலம் அது. 1963இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும், கிறிஸ்தவப் போதனைக்கு எதிரான நோக்கம் இல்லாதவரை எரியூட்டலைத் தடுக்கவில்லை. ஆயினும் அடக்கம் செய்யும் வழக்கத்தையே அது பரிந்துரைக்கிறது. 2016ஆம் ஆண்டின் அறிவுரை, சாம்பலைக் காற்றிலோ நீரிலோ தூவாமல் புனித இடத்தில் வைக்குமாறு பணித்தது. நெருப்பு உயிர்ப்பைத் தடுக்காது என்பது நம்பிக்கை. உடலை எறிபொருளாக்கலாகாது என்பது மதிப்பு.

நம் இல்லங்களிலும் கல்லறைகளிலும்

நம் ஊர்ச் சாவு வீடுகளில் ‘ஆன்மா சாந்தியடைய’ என்று சொல்லவும் அச்சிடவும் பழகியிருக்கிறோம். அது தவறன்று, ஆனால் அது நம் நம்பிக்கையின் பாதியே. ஆன்மா மட்டும் முழு மனிதன் ஆகாது என்றார் புனித தாமஸ் அக்குவினா. தூய்மை பெற்ற ஆன்மா உலக முடிவுக்கு முன்பே இறைவனை முகமுகமாய்க் காணும் என 1336இல் திருத்தந்தை பன்னிரண்டாம் ஆசீர்வாதப்பர் வரையறுத்தார். ஆயினும் உடலின் உயிர்ப்பை அவர் அதனால் நீக்கிவிடவில்லை. வலை இழுத்துக் காய்த்த கையும், பிள்ளையைச் சுமந்த இடுப்பும், நோயில் நலிந்த தோலும் இறைவனுக்கு அருமையானவை. அவையும் மீட்கப்படும்.

இது ஆறுதல் மட்டுமன்று, கட்டளையும் ஆகும். லியோனில் ஒரே சிறையில், ஒரே சாட்சியத்தில் நின்றோர் அடிமைப் பெண்ணும் அவளுடைய தலைவியும். சபையின் நினைவில் முதலிடம் பெற்றதோ அடிமையின் உடல். ரோன் ஆற்றில் கலந்த சாம்பலில் ஆண்டான் துகள் எது, அடிமைத் துகள் எது என எவர் பிரித்தார்? ஆனால் நம் நாட்டில், ஒரே நற்கருணை உண்ட உடல்களைக் கல்லறையில் சாதி பார்த்துப் பிரித்துவைத்த சுவர்களை நாம் அறிவோம். உடலின் உயிர்ப்பை நாவால் அறிக்கையிட்டுவிட்டு, உடல்களுக்கிடையே சுவர் எழுப்புவது எங்ஙனம் பொருந்தும்? எல்லாரையும் ஒன்றாய் எழுப்பப்போகிற ஆண்டவர் முன்னிலையில் அச்சுவர்களுக்கு நாம் என்ன விடை சொல்வோம்?

கடற்கரையில் திரி ஏற்றிய அத்தாயிடம் அன்று நாம் சொல்லாமல் விட்டதை இன்று சொல்ல விழைகிறோம். அம்மா, உங்களுக்கு முன்னே ஆற்றங்கரையில் இதே போல் நின்று அழுத கிறிஸ்தவர்கள் இருந்தனர். அவர்களுக்கும் அடக்கம் செய்ய உடல் கிடைக்கவில்லை. அவர்கள் அழுதார்கள், ஆனால் விசுவாசப் பிரமாணத்திலிருந்து ஒரு சொல்லையும் நீக்கவில்லை. உங்கள் மகனின் உடலை நாம் கண்டெடுக்கவில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பது ஆண்டவருக்குத் தெரியும்.